ஃபிரான்சைஸ் கடை எடுக்கப் பணம் மட்டும் போதுமா?

“கையில இரண்டு லட்சம் வெள்ளி இருக்கு. கடை கொடுப்பாங்களா?”

ஜோகூர் பாருவில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். பெரும்பாலோர் சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, கடற்பாலத்தில் வரிசை பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். பத்து ஆண்டுச் சேமிப்பை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் தொகை கண்ணுக்கு நிறைவாகத்தான் தெரியும். இனி ஊரிலேயே ஒரு தொழில் செய்யலாம் என்று தோன்றும். சொந்தப் பெயரில் கடை வைத்தால் ஓடுமோ ஓடாதோ. ஊரறிந்த பெயர்ப்பலகையை எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவர்கள் கணக்கு.

நான் சொல்லும் பதில் இதுதான்: கொடுப்பார்கள். பணத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஃபிரான்சைஸ் கொடுக்கும் நிறுவனத்துக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. ஒன்று, நுழையும்போது நாம் மொத்தமாகக் கட்டும் கட்டணம். இன்னொன்று, கடை நடக்கும் காலமெல்லாம் விற்பனையில் ஒரு பங்காகப் போகும் ராயல்டி. ராயல்டியை நம்பிப் பிழைக்கும் நிறுவனம், கடை பத்து வருடம் ஓட வேண்டுமே என்று ஆளை அலசி ஆராய்ந்துதான் எடுக்கும். நுழைவுக் கட்டணத்தை நம்பிப் பிழைக்கும் நிறுவனம் யார் வந்தாலும் கைகுலுக்கும். ஆகவே உங்களை நேர்காணலில் வாட்டி எடுத்தால் கோபப்பட வேண்டாம். நல்ல அறிகுறி அது.

இந்தத் தொழிலுக்கு ஜோகூர் புதியதல்ல. மேரிபிரவுன் 1981-இல் லாரன்ஸ் லியூ, நான்சி லியூ தம்பதியர் ஜோகூர் பாருவில் தொடங்கிய கடை. இங்கிருந்து நாடு முழுக்கப் பரவி, கடல் கடந்து சென்னைக்கும் போனது. அதே 1981-இல்தான் சென்னை கே.கே. நகரில் சரவண பவன் பிறந்தது. அது அங்கிருந்து கிளம்பி மலேசியாவுக்கு வந்தது. இந்தப் பக்கத்துக் கோழியும் அந்தப் பக்கத்து இட்லியும் இடம் மாறிக்கொண்டது இந்த முறையால்தான்.

கண்ணில் படும் எல்லாப் பலகையும் விற்பனைக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். “கேஎஃப்சி எடுக்கலாமா?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்நாட்டில் கேஎஃப்சியை நடத்துவது கியூஎஸ்ஆர் பிராண்ட்ஸ். அதன் முக்கியப் பங்குதாரர் நம் ஜோகூர் கார்ப்பரேஷன். நாட்டுக்கே உரிமம் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர்கள் பலவும் இப்படித்தான்.

கடன் வாங்காத பணம் எவ்வளவு?

பணம் பற்றிய முதல் கேள்வி “எவ்வளவு இருக்கிறது” என்பதல்ல. “இதில் கடன் வாங்காதது எவ்வளவு” என்பதே. நுழைவுக் கட்டணம், கடை அலங்காரம், சாதனங்கள், வாடகை முன்பணம், முதல் சரக்கு இவற்றோடு, கடை தன் காலில் நிற்கும்வரை சம்பளமும் வாடகையும் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். இந்தக் கடைசித் தொகையைத்தான் நம்மவர்கள் கணக்கில் விடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு இல்லாமல் நான் யாரையும் கையெழுத்துப் போட விடுவதில்லை. கடை திறப்பது தள்ளிப் போகலாம். வங்கித் தவணை தள்ளிப் போகாது.

வங்கிக்குப் போகும் முன் உங்கள் சிசிரிஸ் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாரா இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தவறியது என்று அதில் வரிசையாக இருக்கும். பிடிபிடிஎன் கல்விக்கடன் பாக்கியும் தெரியும். சித்தப்பா மகனின் கார் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். அதுவும் அங்கே எட்டிப் பார்க்கும். சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. சம்பளம் அதிகம், ஆனால் இங்கே இபிஎஃப் சந்தா இல்லை, இஏ பாரம் இல்லை. சம்பளச் சீட்டு, சிங்கப்பூர் வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம், சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் அறிக்கை ஆகியவற்றை ஒழுங்காகச் சேர்த்து வைத்தவருக்கே கதவு திறக்கும்.

இந்தியச் சமூகத்தாருக்கு தெக்குனின் ஸ்புமி கடன் இருக்கிறது. ஒரு சிறு கியோஸ்க், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் மையம் என்றால் உதவும். பேரங்காடியில் உணவகம் என்றால் அது மட்டும் போதாது.

“தம்பி பார்த்துக்கொள்வான்”

நேர்காணலில் பலரைக் கவிழ்க்கும் வாக்கியம் இது. கணவர் சிங்கப்பூர் வேலையை விடமாட்டார். கடையை மனைவியோ தம்பியோ பார்த்துக்கொள்வார்கள். நம் குடும்பங்களில் இது இயல்பான ஏற்பாடு. நிறுவனத்தின் காதில் இது வேறு மாதிரி விழுகிறது: பணம் போடுகிறவர் கடையில் இல்லை, கடையில் இருக்கப்போகிறவர் நேர்காணலுக்கே வரவில்லை.

ரே கிராக் 1955-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தபோது, ஃபிரான்சைஸ் கட்டணம் வெறும் 950 டாலர், ராயல்டி விற்பனையில் 1.9 விழுக்காடு. அந்தச் சிறு தொகைக்கே அவர் ஆள் பார்த்துத்தான் கொடுத்தார். பணத்தைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காருகிறவரைவிடக் கடையிலேயே கிடக்கிறவர்தான் தேறுவார் என்பது அவர் கண்ட பாடம். இன்றைக்கு அங்கே சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவகத்துக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்தான். நிலம், கட்டடம், அடுப்பு எல்லாம் நிறுவனமே போடும். லாபத்தில் பெரும் பங்கையும் அதுவே எடுத்துக்கொள்ளும். கட்டணம் குறைவு என்பதற்காக இடம் சுலபமாகக் கிடைக்காது. விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும். அங்கே தகுதி என்றால் ஆள், பணமல்ல.

“ஞாயிறு இரவு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. என்ன செய்வீர்கள்?” என்பது இங்கேயும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மேலாளரைக் கூப்பிடுவேன் என்றால் ஒரு மதிப்பெண். சட்டையை மடித்துக்கொண்டு நானே அடுப்படிக்குப் போவேன் என்றால் வேறு மதிப்பெண். சில நிறுவனங்கள் பேச்சோடு விடுவதில்லை. கையெழுத்துக்கு முன்பே சில நாள் ஒரு கிளையில் நிற்கவைத்துத் தரை துடைப்பது முதல் கல்லாவை மூடுவது வரை செய்யச் சொல்லும். அந்த நாள்களைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உங்களுக்கும் இது பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி அதுதான்.

அடுத்தது கொஞ்சம் மனத்தாங்கல் தரும் தகுதி: சொன்னதைச் சொன்னபடி செய்வது. இருபது வருடம் சமையல் அனுபவம் உள்ளவரைத் தள்ளிவிட்டு, தொழிற்சாலை மேற்பார்வையாளரை எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். சமையல் தெரிந்தவருக்குக் கை சும்மா இருக்காது. இங்கே கொஞ்சம் மிளகு, அங்கே கொஞ்சம் பெருங்காயம். ஃபிரான்சைஸில் கைமணம் என்பது ஒப்பந்த மீறல். நிறுவனம் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்கும். குறைந்தது 14 நாளுக்குள் சரிசெய்யச் சொல்லும். சரியாகாவிட்டால் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு இந்த ஒழுங்கு ஏற்கெனவே பழகிவிட்டது. அவர்கள் தங்கள் விண்ணப்பத்தில் இதை எழுதுவதே இல்லை. எழுதுங்கள்.

உணவுத் தொழிலில் நம் வீடுகளில் முன்கூட்டியே பேசிவிட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பெரிய பெயர்கள் ஹலால் சான்றிதழோடு இயங்குகின்றன. அந்த வளாகத்தில் வழிபாட்டுப் பொருள்கள் வைக்க முடியாது. வீட்டுச் சாப்பாட்டை நினைத்தபடி உள்ளே கொண்டுபோகவும் முடியாது. கல்லாவுக்கு மேல் லெட்சுமி படம், ஆயுத பூஜைக்கு அடுப்புக்குச் சந்தனப் பொட்டு என்று அம்மா மனத்தில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும். திறப்புவிழா அன்று அது தெரியவருவதைவிட முன்பே தெரிவது நல்லது.

நாமும் அவர்களை நேர்காணல் செய்யலாம்

மலேசியாவுக்கு ஃபிரான்சைஸுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் சட்டம் 590. 1999 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. கடைசிப் பெரிய திருத்தம் 2022 ஏப்ரலில் அமலானது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது, இந்தியாவிலும் கிடையாது. அதனால் சிங்கப்பூரிலோ சென்னையிலோ கண்ட ஒரு பெயரை இங்கே கொண்டுவர நினைப்பவர், “அங்க இதெல்லாம் கேட்கலையே” என்று சொல்லிப் பயனில்லை. வெளிநாட்டுப் பெயருக்கு இங்கே முன்கூட்டியே பதிவாளரின் ஒப்புதல் வேண்டும்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின்கீழ் இயங்கும் ஃபிரான்சைஸ் பதிவாளரிடம் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள். “நாங்க ஃபிரான்சைஸ் இல்ல, லைசென்ஸ்தான்” என்றோ “பங்காளித் திட்டம்” என்றோ சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் என்னவாக இருந்தாலும், அவர்களுடைய வணிகச் சின்னம், அவர்களுடைய முறை, அவர்களுடைய கட்டுப்பாடு, நம்முடைய கட்டணம் என்று நான்கும் சேர்ந்தால் சட்டத்தின் பார்வையில் அது ஃபிரான்சைஸாகத்தான் தெரியும். அந்தச் சிரிப்பைக் கண்டால் நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒப்பந்தத்தின் நகலையும் விவர வெளியீட்டு ஆவணத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அமெரிக்காவில் இது 14 நாள். “இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் கட்டணத்தில் கழிவு” என்று கண்காட்சிக் கூடாரத்தில் சொல்பவர் அந்தப் பத்து நாளை உங்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார். கையெழுத்துக்கு முன்பே பணம் கேட்டால், எதற்காக, எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்று எழுதித் தர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறினால் குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு நுழைவுக் கட்டணத்தைத் திருப்ப வேண்டும். ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுக்குக் குறையக்கூடாது. உள்ளூர் நிறுவனத்திடம் கடை எடுத்தவர் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் தானும் பதிவாளரிடம் பதிய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து ஆண்டு என்றதும் கடை வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குத்தான். மூன்றாம் ஆண்டு முடிவில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் சாவியைக் கேட்டாலும், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டு உங்கள் கழுத்தில் இருக்கும்.

ஒரு தாளில் போட்ட கணக்கு

மாசாயில் இருக்கும் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் வந்தார். வயது முப்பத்து நான்கு. உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஓய்வுபெற்ற அம்மாவின் இபிஎஃப் பணத்தையும் சேர்த்துப் போடுவதாகத் திட்டம். அம்மாவும் கூடவே வந்திருந்தார். பேசவில்லை, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். “ராயல்டி ஆறு விழுக்காடுதானேக்கா, லாபத்துல ஆறு போனா என்ன?” என்றார் தம்பி.

லாபத்தில் அல்ல தம்பி, விற்பனையில் என்றேன். தாளை எடுத்தேன்.

மாதம் 60,000 ரிங்கிட் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 6 விழுக்காடு, 3,600. விளம்பர நிதி 3 விழுக்காடு, 1,800. மூலப்பொருள் 40 விழுக்காடு, 24,000. விற்பனையில் கால் பங்கு உணவு விநியோகச் செயலி வழியாகப் போய், அதில் 30 விழுக்காடு அவர்கள் எடுத்துக்கொண்டால் 4,500. வாடகை 6,500. ஆறு ஊழியர்கள், குறைந்தபட்ச ஊதியம் இப்போது 1,700 ரிங்கிட். அதற்குமேல் இபிஎஃப் முதலாளி பங்கு 13 விழுக்காடு, சொக்சோ, கூடுதல் நேரம் என்று ஆளுக்கு 2,150 போட்டால் 12,900. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, பழுதுபார்ப்பு 4,000. எல்லாம் போக மிச்சம் 2,700. இரண்டு லட்சம் கடனை ஏழு ஆண்டில் அடைக்க மாதத் தவணை 2,900 வரும். இதில் அவருக்குச் சம்பளம் இன்னும் போடவே இல்லை.

“சரி, விற்பனை பத்து விழுக்காடு குறைஞ்சா?” என்று அவரே கேட்டார். போட்டுப் பார்த்தோம். 54,000 விற்றால் தவணைக்கு முன் மிச்சம் 90 ரிங்கிட். விற்பனை பத்து விழுக்காடு குறைந்தால் மிச்சமும் பத்து விழுக்காடுதான் குறையும் என்று நினைக்கிறோம். வாடகையும் சம்பளமும் குறைவதில்லையே. அடி முழுக்க மிச்சத்தின் மேல் விழுகிறது. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: 75,000 விற்றால் மிச்சம் 9,225, தவணை போக 6,300-க்குச் சற்று அதிகம்.

அவர் சிங்கப்பூர்ச் சம்பளம் 2,400 வெள்ளி. வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் என்று குறைத்துப் பிடித்தாலும் 7,200. அதாவது 75,000 விற்கும் கடையின் முதலாளி, பாலத்தைத் தாண்டும் தொழிலாளியைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். இது கடை வேண்டாம் என்பதற்கான கணக்கல்ல. கடன் தீர்ந்த பிறகு நிலைமை வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் எந்த விற்பனை எண்ணுக்குக் கீழே போனால் அம்மாவின் பணம் கரையத் தொடங்கும் என்பது கையெழுத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் விற்பனையாளர் சொல்லமாட்டார். ஏற்கெனவே கடை நடத்துகிறவர்கள், அதைவிட முக்கியமாகக் கடையை மூடியவர்கள் சொல்வார்கள். அவர்களைத் தேடிப் போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். “மருமகளோட அண்ணன் உலு திராமில சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காரும்மா. அது ஏதும் பிரச்சினையா?”

நல்ல கேள்வி. ஃபிரான்சைஸ் எடுத்தவர் அதே மாதிரியான வேறு தொழிலை ஒப்பந்தக் காலத்திலும், முடிந்து இரண்டு ஆண்டு வரையிலும் செய்யக்கூடாது என்று எழுத்துமூலம் உறுதி கொடுக்க வேண்டும். நிறுவனமாகப் பதிந்து எடுத்தால் அந்த உறுதி இயக்குநர்களையும், அவர்களுடைய கணவன் மனைவியையும், நெருங்கிய குடும்பத்தாரையும், ஊழியர்களையும்கூடச் சேர்த்துக் கட்டும். ரகசியம் காப்பதற்கும் அதே இரண்டு ஆண்டு. கடை நஷ்டப்பட்டால் பலகையை மட்டும் கழற்றிவிட்டு அதே அடுப்பில் சொந்தமாகக் கோழி பொரிக்கலாம் என்று எண்ணுபவர்கள் இந்தப் பிரிவை இரண்டுமுறை படிக்க வேண்டும். மருமகளையும் இயக்குநராகப் போட்டால் அவர் அண்ணன் இதற்குள் வருவாரா, அவர் விற்கும் வாழையிலைச் சாப்பாடு “அதே மாதிரியான தொழில்” ஆகுமா என்பதை வழக்கறிஞரிடம் எழுதி வாங்கச் சொன்னேன். சில நூறு ரிங்கிட் கட்டணத்துக்கு யோசிக்கிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு யோசிப்பதில்லை.

தம்பி ஆவணங்களை வாங்கிவிட்டார். வாரக் கடைசியில் அந்தப் பெயரின் கிளை ஒன்றுக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, மணிக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேர் கையில் பையோடு வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். மனைவி வேறொரு கிளையில் மூன்று நாள் நின்று பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்பிய கேள்விகள் மூன்று: கடந்த ஐந்து ஆண்டில் மூடிய கிளைகள் எத்தனை, விளம்பர நிதியின் தணிக்கைக் கணக்கு எங்கே, வாடகை ஒப்பந்தம் முடிந்து இடம் போனால் மாற்றிடத்துக்கு மீண்டும் கட்டணம் உண்டா. முதல் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. மூன்றாவது வரும்வரை பேனாவைத் தொடவேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாராம்.